பரையா: ஓர் இகழ்ச்சிச் சொல்லின் வரலாறு

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் பெரும்பாலும் வாணிகத்தின் வழியே சென்றவை. கட்டுமரம் சென்றது, சுருட்டுச் சென்றது, மிளகுத்தண்ணீர் சென்றது, வெட்டிவேரும் சென்றது. கப்பலில் ஏறிய பண்டத்தோடு பண்டத்தின் பெயரும் ஏறிற்று. சென்ற இடத்தில் இச்சொற்கள் எவரையும் புண்படுத்தியதில்லை. மக்களின் பெயராகச் சென்று, வசையாக நிலைபெற்ற சொல் ஒன்று இவற்றோடு உண்டு. அதுவே ‘பரையா’ என்பது.

ஆங்கில அகராதிகள் இச்சொல்லுக்குத் தரும் பொருள், சமூகத்தால் விலக்கப்பட்டவர், எவரும் தம்மோடு சேர்த்துக்கொள்ளாதவர் என்பதாகும். பழியில் சிக்கிய அரசியலாரையும், கட்சியினரால் கைவிடப்பட்ட தலைவரையும், உலக நாடுகளால் புறக்கணிக்கப்பட்ட அரசையும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. ‘பரையா நாடு’ என்பது பன்னாட்டு அரசியலில் ஏறத்தாழ ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. லண்டனிலோ நியூயார்க்கிலோ இதை எழுதும் கை, தமிழ்நாட்டில் உயிரோடு வாழும் பெருந்தொகையான மக்களின் பெயரை எழுதுவதாக எண்ணுவதில்லை. ஓர் இசைக்கருவியின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது என்பதும் அக்கைக்குத் தெரிவதில்லை.

ஒரு சொல் இகழ்ச்சியாவது ஒரே நாளில் நிகழ்வதன்று. அது யார் வாயில் பிறந்தது, யார் செவியில் விழுந்தது, யார் ஏட்டில் ஏறியது என்று படிப்படியாகக் காண வேண்டியுள்ளது.

பறை என்னும் சொல்

பறை என்பது பழந்தமிழில் இருபொருள் தரும் சொல். முதலாவது, தோற்கருவி. இரண்டாவது, சொல்லுதல். பறைதல் என்றால் பேசுதல், அறிவித்தல். இலக்கியத் தமிழில் வழக்கு அருகிப்போன இவ்வினை, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் வாழ்கிறது. மலையாளத்தில் பேசுதலைக் குறிக்கும் அன்றாடச் சொல்லே அதுதான். ஊருக்குச் செய்தி சொல்லும் கருவிக்கும் செய்தி சொல்லும் செயலுக்கும் ஒரே பெயர் அமைந்தது இயல்பே. கருவியை முழக்கியவர் அறிவிப்பவரும் ஆனார்.

இக்கருவிக்குத் தொல்காப்பியம் தரும் இடம் பெரிது. நிலத்துக்கு உரிய கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் அது வைத்து எண்ணுகிறது. பறை இல்லாத நிலம் இல்லை என்பது இதன் பொருள். முல்லைக்கு ஏறுகோட்பறை என்றும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்றும், மருதத்துக்கு நெல்லரிகிணை என்றும் பின்னைய இலக்கண மரபு நிலந்தோறும் பறையைப் பிரித்துக் காட்டும். ஏறு தழுவுதற்கும், மீன்வேட்டைக்கும், கதிர் அறுத்தற்கும் பறை முழங்கிற்று.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், ஓர் ஊருக்குரிய சிறந்த குடிகள் நான்கினை எண்ணும்போது, துடி முழக்குவோரும் பாணரும் கடம்பரும் நிற்கும் வரிசையிலேயே பறையரையும் நிறுத்துகிறார். அங்கே அப்பெயரைச் சுற்றி இகழ்ச்சி ஏதும் இல்லை, பெருமிதமே உண்டு.

ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர் சிறுமியர் கண்ணனிடம் வேண்டி நிற்பது பறையையே. நோன்புக்குரிய இசைக்கருவி என்று மேலோட்டமாகவும், இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்று உட்பொருளாகவும் வைணவ உரைகாரர் அதனை விளக்குவர். மார்கழி விடியலில் கோயில்களில் ஓதப்பெறும் அச்சொல்லும், ஊர்ப்புறத்துச் சேரியைச் சுட்ட ஆளப்பட்ட அச்சொல்லும் ஒன்றே. ஒரே சொல் கருவறைக்கு முன்னே வரமாகவும் தெருக்கோடியில் வசையாகவும் ஒலித்ததுதான் தமிழ்ச் சமூகத்தின் முரண்.

கருவிக்கு மங்கலம், அமங்கலம் என்ற பிரிவு தொடக்கத்தில் இல்லை. மணவீட்டில் முழங்கிய பறையே அன்றைக்கே சாவுப்பறையாக மாறுவதைச் சொல்லி நிலையாமையை உணர்த்துகிறது நாலடியார். காலப்போக்கில் மணத்துக்குரிய முழக்கம் வேறு கருவிகளுக்குச் சென்றது. பறைக்குப் பல ஊர்களில் சாவு மட்டுமே எஞ்சிற்று. கருவியின் மேல் படிந்த தீட்டு, அதனைத் தொட்ட கையின் மேலும் படிந்தது.

இப்பெயரின் பிறப்பைப் பற்றி வேறு கருத்தும் எழுந்ததுண்டு. மலைவாழ்நரைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லோடு இதனை இணைத்துக் காண முயன்றார் குஸ்தவ் ஓப்பர்ட். அவர் எழுதிய பாரதநாட்டுப் பழங்குடிகள் பற்றிய நூல் 1893இல் வெளிவந்தது. அக்கருத்து நிலைபெறவில்லை. பறை என்னும் கருவியிலிருந்தே பெயர் வந்தது என்பதையே பெரும்பாலான அகராதிகள் ஏற்கின்றன. ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இம்மக்களுள் பறை முழக்கியோர் ஒரு பகுதியினரே. பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர். நெல் விளைந்த நாட்டில் நெல்லை விளைவித்தவர்கள்.

கல்வெட்டில் ஏறிய பிரிவினை

இகழ்ச்சி எப்போது புகுந்தது என்று ஓர் ஆண்டைக் குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிவினை நிலத்தில் வரையப்பட்டுவிட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்டுகிறது. கோயிலுக்கு ஊர்களை வழங்கிய இராசராசன், அவ்வூர்களில் வரிக்கு உட்படாத நிலங்களைக் கல்லில் பட்டியலிடச் செய்தான். குளம், வாய்க்கால், ஊர்நத்தம் ஆகியவற்றோடு கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அங்கே வருகின்றன. சுடுகாடுகூடப் பொதுவன்று, வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று எனத் தனித்தனியே குறிக்கப்படுகிறது.

இக்கல்வெட்டில் இரு செய்திகள் உள்ளன. பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருவேறு பெயர்களாக எண்ணப்படுவதால், பறையர் என்ற சொல்லும் தீண்டத்தகாதவர் என்ற கருத்தும் அன்று அப்படியே ஒன்றாகிவிடவில்லை எனக் கொள்ள இடமுண்டு. இது முதற்செய்தி. இரண்டாவது, தீண்டாமை என்னும் கருத்தும், அதற்கெனச் சேரியும், வாழ்ந்தாலும் இறந்தாலும் விலகியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கும் அன்றே அரசாவணத்தில் இடம்பெற்றுவிட்டன. போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் வந்திறங்குவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலை இது.

இந்த இரண்டாம் செய்தியை மறந்துவிட்டு ‘பரையா’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் பழிப்பது எளிது, நேர்மையன்று. ஆங்கிலேயர் இச்சொல்லை இழிவுபடுத்தவில்லை. இழிவுபட்ட நிலையிலேயே அவர்கள் அதனைக் கேட்டார்கள்.

கப்பலேறிய பெயர்

ஐரோப்பிய ஏடுகளில் இப்பெயர் முதன்முதல் ஏறியது போர்த்துக்கீசியர் கையால். கண்ணூரில் பணிபுரிந்த துவார்த்தே பர்போசா, 1516ஆம் ஆண்டையொட்டித் தாம் எழுதிய நூலில் மலையாளக் கரையின் சாதிகளை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையின் அடியில் இம்மக்களை வைத்து, அவர்களைக் கண்ணால் காண்பதே தீட்டு என்று மற்றவர் கருதியதாகவும் எழுதினார். பர்போசா அவர்களோடு பேசி அறிந்ததாகத் தெரியவில்லை. மேற்சாதியினர் அவர்களைப் பற்றி என்ன கூறினரோ அதுவே அவர் ஏட்டில் ஏறிற்று. ஐரோப்பாவில் இப்பெயர் கால்வைத்தபோதே அயலார் சொன்ன வசையோடுதான் கால்வைத்தது.

ஆங்கிலத்தில் இச்சொல் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, சாமுவேல் பர்ச்சஸ் 1613இல் வெளியிட்ட பயணத்தொகுப்பு. பர்ச்சஸ் ஒரு பாதிரியார். இந்தியாவைக் கண்ணால் கண்டவர் அல்லர். பிறர் எழுதிய பயணக் குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கியவர். தமிழ் மண்ணை மிதிக்காத ஒருவர் எழுத்தின் வழியே தமிழ்ச் சொல் ஒன்று ஆங்கிலத்தில் நுழைந்தது. அவருக்குப் பின் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் சமயகுருவாகப் பத்தாண்டு வாழ்ந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் எழுதிய நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. சோழமண்டலக் கரையின் சாதி வழக்கங்கள் அதன்வழி ஐரோப்பியர்க்கு இன்னும் விரிவாகத் தெரியவந்தன.

சொல் வடிவம் மாறிய விதமும் கருதத்தக்கது. பறையர் என்ற பன்மை வடிவமே அயலார் செவியில் விழுந்தது. ஈற்று ரகரம் தேய்ந்தது. வல்லின றகரத்துக்கு ஐரோப்பிய நெடுங்கணக்கில் எழுத்தில்லை. அது இடையின ரகரமாய் மெலிந்தது. பரை என்று இடையினம் இட்டு எழுதினால் தமிழில் அது சிவசக்தியின் பெயர். கருவியைக் காட்டிய ஓர் எழுத்து வழியில் உதிர்ந்தபோது, சொல்லின் பிறப்பைக் காட்டும் தடமும் உதிர்ந்தது.

சென்னை இச்சொல்லின் பரவலுக்குத் துணையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் இம்மக்கள் என்றும், ஐரோப்பியர் வீடுகளில் பணிபுரிந்தோருள் பெரும்பாலோர் இவர்களே என்றும் யூல், பர்னல் இருவரும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில–இந்தியச் சொல்லகராதி (1886) கூறுகிறது. துரைமார் வீட்டுச் சமையலறையிலும் குதிரைக் கொட்டிலிலும் ஒலித்த பெயர், துரைமாரோடு வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் சென்றது. அங்கே பறையர் என்றொரு சாதியே இல்லை. இருந்தும் தாழ்ந்தவர் எல்லாரையும் இப்பெயரால் அழைக்கலாயினர். அடுத்து, உரிமையாளர் இல்லாத தெருநாய் ‘பரையா நாய்’ ஆயிற்று. ஊரெங்கும் வட்டமிடும் கரும்பருந்து ‘பரையா பருந்து’ ஆயிற்று. மட்டமான சாராயத்துக்கும் இப்பெயர் ஒட்டிற்று. மக்களின் பெயர் விலங்குக்கும் பறவைக்கும் அடைமொழியானபோது இகழ்ச்சி முழுமைபெற்றது.

ஐரோப்பியக் கவிஞர் கையில்

இவ்வரலாற்றில் எழுத்தாளருக்கும் பங்குண்டு. அவர்களுடைய பங்கு வசைபாடியதன்று, இரங்கியது. அந்த இரக்கமே சொல்லை உலகப் பொதுவாக்கியது என்பதுதான் வியப்பு.

பிரெஞ்சுக்காரரான ரேனால் பாதிரியார் 1770இல் வெளியிட்ட, இரு இந்தியாக்களின் வரலாறு கூறும் நூல் ஐரோப்பா முழுதும் பெரிதும் படிக்கப்பட்டது. அடிமை முறையையும் காலனி ஆட்சியின் கொடுமையையும் சாடிய அந்நூலின்வழி ‘பாரியா’ என்ற சொல் படித்தவர் பலருக்கு அறிமுகமாயிற்று. 1791இல் பெர்னார்தின் தெ சேன்-பியேர் ‘இந்தியக் குடிசை’ என்ற சிறுகதை நூலை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியா வரும் ஆங்கில அறிஞர் ஒருவர், ஜகந்நாதத்தில் தலைமைப் பிராமணரிடம் கேள்வி கேட்டு நிறைவடையாமல் திரும்புகிறார். வழியில் புயல்மழை. ஒதுங்க இடம் தருவது ஒரு பறையரின் குடிசை. அறிஞர் தேடிய விடை அங்கே கிடைக்கிறது. உண்மையை எளிய நெஞ்சோடு தேட வேண்டும், இயற்கையில் தேட வேண்டும் என்று குடிசைக்காரர் உரைக்கிறார். சேன்-பியேர் மொரீசியசில் சில ஆண்டுகள் இருந்தவர். இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். அவர் படைத்தது ஒரு கருத்துருவம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து வாசகருக்கு அவ்வுருவம் மிகவும் பிடித்துப்போயிற்று.

கதேயின் கவிதை இதனினும் நெருங்கிய தொடர்புடையது. புதுச்சேரியில் வாழ்ந்த சொன்னேரா 1782இல் வெளியிட்ட பயண நூலில், தமிழகத்தில் மாரியம்மன் கதையாக வழங்கும் இரேணுகை கதையை எழுதியிருந்தார். மண்குடமின்றி நீரையே திரட்டி எடுத்துவரும் கற்புடையாள், நீரில் தெரிந்த அழகிய நிழலில் ஒரு கணம் மனம் சலிக்கிறாள். நீர் திரள மறுக்கிறது. கணவன் ஆணையால் வெட்டுண்ட தலை, மீட்டு உயிர்பெறும்போது தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியின் உடலோடு மாறிப் பொருந்திவிடுகிறது. தமிழ்நாட்டுக் கூத்தும் உடுக்கைப்பாட்டும் பன்னெடுங்காலம் பாடிவரும் இக்கதையே, 1824இல் வெளிவந்த கதேயின் ‘பாரியா’ என்னும் முப்பகுதிக் கவிதையின் நடுப்பகுதியாக அமைந்தது. முதற்பகுதி, தனக்கும் ஒரு தெய்வம் வேண்டும் என்று விலக்கப்பட்டவன் செய்யும் வேண்டுதல். இறுதிப்பகுதி அவன் கூறும் நன்றி. சேரித்தெய்வத்தின் கதை வைமார் நகரை அடைந்து உலகக் கவிதையாயிற்று.

நாடக மேடையும் பின்தங்கவில்லை. கசிமீர் தெலாவீஞ் 1821இல் பாரிசில் ‘பாரியா’ என்ற அவலநாடகத்தை அரங்கேற்றினார். அதன் கதைத்தலைவன் பிறப்பை மறைத்துப் படைத்தலைவனாக உயர்ந்தவன்; பிராமணத் தலைவரின் மகளைக் காதலிக்கிறான்; பிறப்பு வெளிப்பட்டதும் அழிகிறான். கதை நடக்கும் இடம் காசி! காவிரிக்கரைப் பெயரைக் கங்கைக்கரையில் நட்டதில் ஆசிரியருக்கு எந்தத் தடையும் தோன்றவில்லை. இந்நாடகத்தைத் தழுவியே தோனிசெத்தி 1829இல் நேப்பிள்சிலும், போலந்து இசைமேதை மொன்யுஷ்கோ 1869இல் வார்சாவிலும் இசைநாடகம் படைத்தனர்.

இதே காலத்தில் ஜெர்மனியில் மிகேல் பேர் எழுதிய ‘பாரியா’ என்னும் ஓரங்க நாடகம் (1823) வேறொரு திருப்பத்தை உண்டாக்கியது. அவர் யூதர். இந்தியக் கதைமாந்தரின் வாயில் அவர் வைத்தது ஐரோப்பிய யூதரின் துயரம். அந்நாள் முதல் இச்சொல் இந்தியாவை விட்டு விலகி, ஒதுக்கப்பட்ட எவருக்கும் உரிய உருவகமாயிற்று. 1838இல் புளோரா திரிஸ்தான் தம் பெரு நாட்டுப் பயண நூலுக்கு ஒரு பாரியாப் பெண்ணின் பயணம் என்ற பொருள்படத் தலைப்பிட்டார். பெற்றோர் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் உரிமை இழந்தவர் அவர். கணவனைப் பிரிந்தமையால் சமூகம் விலக்கிய பெண்ணும் ஆவார். 20ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் வேபர் யூதரைப் ‘பாரியா மக்கள்’ என்று சமூகவியற் சொல்லாகவே குறித்தார். ஹன்னா அரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையில், தன் விலக்கத்தை உணர்ந்து, அதனை மறைக்காது எதிர்த்து நிற்பவனே மேலான பாரியா என்று பொருள்விரித்தார்.

இவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடு எழுதியவர்களே. எனினும் ஓர் இழப்பு நேர்ந்தது. உருவகம் வளர வளர, உருவகத்துக்கு உடல் தந்த மக்கள் மறைந்தனர். பாரிசின் அரங்கில் பாரியாவுக்காகக் கண்ணீர் விட்டவர், அதே நாளில் செங்கற்பட்டுக் கழனியில் சேற்றில் நின்றவரை அறியவில்லை. அங்கிருந்தவர் உருவகம் அல்லர். பெயரும் பசியும் உடையவர்.

அறிஞர் செய்த திருத்தம்

இப்பொதுப்பொருளை முதலில் மறுத்தவர்களுள் கால்டுவெல் குறிப்பிடத்தக்கவர். இடையன்குடியில் வாழ்ந்து மக்களை நேரில் அறிந்த அவர், தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தோடு சேர்த்த ஆய்வுரையில் இதனை எடுத்துக்கொண்டார். பறையர் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்பது பிழை. அவர்கள் தொன்மையான, வரையறுத்த ஒரு சமூகத்தினர். தமக்கென உட்பிரிவும் வழக்கமும் மரபும் உடையவர் என்று அவர் நிறுவினார். ஹாப்சன்-ஜாப்சனும் இதனையே வழிமொழிந்தது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள், இம்மக்களுக்கு இருந்த பழைய உரிமைகள் சிலவற்றைப் பதிவுசெய்தன. திருவாரூர்த் தியாகராசர் விழாவில் இவர்களின் தலைவர் யானைமீது ஏறிக் கவரி வீசும் உரிமை பெற்றிருந்தார். சென்னைக் கறுப்பர் நகரத்தில் காவல் அம்மன் விழாவில் தெய்வத்துக்குத் தாலி கட்டும் உரிமையும் இவர்களுக்கு இருந்தது. ஆண்டில் ஒரு நாள் யானைமேல், மற்ற நாளெல்லாம் ஊருக்கு வெளியே என்ற நிலை, இழந்ததொன்றின் எச்சமாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் அறிஞரின் திருத்தம் ஆங்கில வழக்கை மாற்றவில்லை. தமிழ் வழக்கையும் மாற்றவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பெர்சிவலும், 1897இல் ஹெர்மன் ஜென்சனும் தொகுத்த தமிழ்ப் பழமொழிகளைப் புரட்டினால், இம்மக்களை எள்ளும் பழமொழிகள் வரிசையாக வரும். அவற்றை ஐரோப்பியர் புனையவில்லை. திண்ணையிலும் களத்துமேட்டிலும் வழங்கியவற்றை எழுதிக்கொண்டனர், அவ்வளவே.

அரசு ஆவணங்களிலும் ‘பரையா’ என்ற சொல்லே ஆண்டது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை ‘செங்கற்பட்டுப் பரையாக்கள் பற்றிய குறிப்பு’ என்றே தலைப்பிடப்பெற்றது. நிலமின்மையே இம்மக்களின் அடிமைத்தனத்துக்கு அடிப்படை என்று அது எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்ட நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப்பட்டன. இழிசொல்லைத் தலைப்பில் தாங்கிய ஆவணமே உரிமைக்கு ஒரு வாயிலாகவும் ஆயிற்று.

பெயருக்குரியோர் சொன்ன விடை

இதுவரை சொல்லப்பட்டதெல்லாம் பிறர் பேசியது. பெயருக்குரியோர் என்ன சொன்னார்கள்? அவர்களிடமிருந்து ஒன்றல்ல, மூன்று விடைகள் வந்தன.

முதல் விடை இரட்டைமலை சீனிவாசனுடையது. 1893இல் அவர் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். தன் பெயரை மறைத்துக்கொள்பவன் தன் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் நிலை. எச்சொல்லால் இகழ்ந்தனரோ அச்சொல்லையே முகப்பில் அச்சிட்டு வீதியில் விற்றதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருக்கும் என்பதை அக்காலச் சென்னையை அறிந்தவர் உணர்வர். அரெண்ட் 1944இல் ஐரோப்பாவை நோக்கி வகுத்த கருத்தை, அரை நூற்றாண்டுக்கு முன்பே சீனிவாசன் செயலில் காட்டிவிட்டார்.

இரண்டாம் விடை அயோத்திதாசப் பண்டிதருடையது. அப்பெயர் அவருக்கு உடன்பாடன்று. இம்மக்கள் பூர்வ பௌத்தர். வீழ்த்தப்பட்டபின் பகைவரால் இப்பெயர் சுமத்தப்பட்டது என்று அவர் வாதிட்டார். வேடதாரிகளின் பொய்யை ஊரறியப் பறைந்தமையால் பறையர் எனப்பட்டனர் என்று பறைதல் என்னும் பழவினையைக் கொண்டு பொருளும் கூறினார். வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஏற்காதிருக்கலாம். ஆயினும் இகழ்ச்சியின் வேரிலிருந்தே ஒரு பெருமையைத் தோண்டியெடுத்த புலமை அது. 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒருவர் சாதிப்பெயரை ஏந்தினார். மற்றவர் மொழிப்பெயரை ஏந்தினார். இருவர் வேண்டியதும் ஒரே மதிப்பைத்தான்.

மூன்றாம் விடை சட்டமன்றத்தில் எழுந்தது. எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922இல் சென்னை மாகாண அரசு, பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாறாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றது. பெயரை மாற்றினால் நிலை மாறிவிடாது என்று நகைத்தோர் அன்றும் இருந்தனர். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே வசைச்சொல் எழுதப்படுவதைக் கண்ட குழந்தைக்கு அம்மாற்றம் சிறிதன்று.

பாரதி தம் விடுதலைப் பாடலில் முதலில் பெயர் சொல்லி அழைத்தது இம்மக்களையே. தமிழ்க்கவிஞன் ஒருவன் இப்பெயரை உருவகமாக அன்றி, உரிமைக்குரிய மக்களின் பெயராகவே பாடியது ஐரோப்பியக் கவிதையிலிருந்து வேறுபடும் இடமாகும்.

மீண்டும் ஒலிக்கும் பறை

சொல்லின் பயணம் முடிந்துவிடவில்லை. தமிழர் தோட்டத் தொழிலாளராய்ச் சென்ற மலேசியாவில், ‘பாரியா’ என்பது இந்திய வம்சாவளியினர் அனைவரையும் இகழும் வசையாக மலாய் வழக்கில் புகுந்தது. அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வெளிவந்த ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் 2011இல் பள்ளிப் பாடநூலானபோது, அதில் வந்த இச்சொல்லை எதிர்த்து மலேசிய இந்தியர் கிளர்ந்தனர். ஆண்டிறுதியில் நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. சொந்த ஊரில் ஒரு சாதியைச் சுட்டி எறிந்த சொல், அயலூரில் எறிந்தவர் மேலும் வந்து விழுந்தது. அங்கே எழுந்த எதிர்ப்பிலும் இரு குரல்கள் கலந்திருந்தன எனலாம். இச்சொல்லால் எவரையும் இகழலாகாது என்பது ஒன்று. தம்மை அச்சாதியாரோடு சேர்த்து எண்ணலாகாது என்பது மற்றொன்று. முதலாவது அறம், இரண்டாவது பழைய நோய்.

தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருவியின் வரலாறும் திரும்பிற்று. பல ஊர்களில் இளைஞர் சாவுக்குப் பறையடிக்க மறுத்தனர். அதன்பொருட்டு அடியும் புறக்கணிப்பும் பெற்றனர். இன்னொரு பக்கம், அடிமைத்தொழிலாக அன்றிக் கலையாக அதனை மீட்கும் முயற்சி எழுந்தது. பெண்கள் பறை ஏந்தினர். மேடைகளிலும் பேரணிகளிலும் அது முழங்கிற்று. கைவிடுவதா, மீட்பதா என்று அம்மக்களிடையே நடந்த வாதம், சீனிவாசனும் அயோத்திதாசரும் பெயரைப் பற்றி நடத்திய வாதத்தின் தொடர்ச்சியே. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கருவி தன் மதிப்பை மீட்டுக்கொண்டு வருகிறது. சொல் இன்னும் மீளவில்லை.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்போர் இச்சொல்லைத் தமிழில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்றோ ‘விலக்கப்பட்டவர்’ என்றோ எழுதுகின்றனர். அதுவே தக்கது. பழைய பெயரையே திரும்ப எழுதினால் வசை மீண்டும் வீடு வந்து சேரும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும் தமிழர் பலர் தயக்கமின்றி இச்சொல்லை ஆள்கின்றனர். அயலார் அறியாது ஆள்வதற்கும், பறை என்னும் சொல்லின் பொருளை அறிந்தவர் ஆள்வதற்கும் வேறுபாடு உண்டு. அறியாமை அயலார்க்கு விலக்காகலாம். தமிழர்க்கு அவ்விலக்கு இல்லை.

சொற்பிறப்பை ஆராய்வதால் வசை கழுவப்பட்டுவிடாது. பறைக்கு அறிவித்தல் என்று பொருள் காட்டியதனால் மட்டும் சேரிக்கும் ஊருக்கும் இடையே நின்ற சுவர் விழுந்ததில்லை. சொல்லின் வரலாறு செய்யக்கூடியது ஒன்றுதான்: இகழ்ச்சி சொல்லில் பிறக்கவில்லை, சொன்னவரிடத்தில் பிறந்தது என்று அது காட்டும். ஆங்கில அகராதியில் ‘பரையா’ என்ற பதிவு உள்ளவரை, அது அம்மக்களைப் பற்றிய குறிப்பன்று. அவர்களை அவ்வாறு அழைத்த தமிழ்ச் சமூகத்தைப் பற்றி உலகம் எழுதிவைத்த சான்று. சொற்களைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கு இச்சான்றைப் படித்தறியும் கடமை மற்றவரினும் சற்றுக் கூடுதலாகவே உண்டு.